வீடு பார்க்க வந்தவர்கள்

ஏப்ரல் 7, திங்கள்

கூழ் வத்தல் போட ஆரம்பித்துவிட்டோம். பங்குனி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. செண்பகம் விடிவதற்கு முன்பே மாவைக் கிண்டி, போணிப் பாத்திரத்தோடு சூடாகத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். அவள் இருப்பது பக்கத்து ஓட்டு வீடு, வாடகைக்கு. மாடி கிடையாது. அதனால் இரண்டு வீட்டு வத்தலும் வருஷா வருஷம் என் மாடியில்தான் காயும்.

இந்த டைரி என் மகள் அபிக்கு ஆபீஸில் கொடுத்தது. அவளுக்கு எழுத நேரமில்லையாம். "உனக்கு மட்டும் எழுத என்ன இருக்கு, வடிவு?" என்று இவர் கேட்டார். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எழுதவா ஒன்றும் இருக்காது.

காக்கைக்குக் காவல் என்று பேர். கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசுவதற்கு அது ஒரு சாக்கு. அவள் ஒரு கதை சொன்னால் நான் ஒரு கதை சொல்ல வேண்டும். சினிமாக் கதை செல்லாது, ஊர்க் கதையும் செல்லாது. அவரவர் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். அபியும் செண்பகத்தின் மகள் மதியும் ஒரே ரிக்‌ஷாவில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதுதான் எங்கள் விளையாட்டு.

இன்றைக்கு அவள் முறை. அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து போய்ச் சேர்ந்தவர். தூக்கத்தில், "வண்ணாரப்பேட்டை இறங்கு, வண்ணாரப்பேட்டை இறங்கு" என்று சத்தம் போடுவாராம்.

"ஒரு நாளு தூக்கக் கலக்கத்துல சேலையை ஒதுக்கிக்கிட்டு நானே கட்டில்ல இருந்து இறங்கி நின்னுட்டேன்க்கா," என்றாள்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. படி இறங்கும்போது "வாரேன்க்கா" என்றாள். ஒரு கை உப்பு வாங்க வந்தால்கூட வாரேன் சொல்லாமல் போகமாட்டாள். அது அவள் பழக்கம்.

ஏப்ரல் 10, வியாழன்

வத்தல் பாதி காய்ந்திருக்கிறது. மோர் மிளகாய் ஊறுகிறது. இவருக்கு மறுபடியும் மூட்டுவலி.

இன்று என் முறை. எதற்கோ அப்பா ஞாபகம் வந்தது. வியாழக்கிழமைதோறும் வயலைப் பார்க்க என்று அம்பாசமுத்திரம் போவார். எங்களுக்கு அங்கே வயலே கிடையாது என்பது அப்பா இறந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மீசை முளைக்கிற வயசில் ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். அப்பாவின் காது அப்படியே. சித்தப்பாமார் அவனை உள்ளே விடவில்லை. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ளை பசியோட வந்திருக்கும். புறவாசல்ல வச்சு ஏதாவது குடுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் பேச்சே எடுத்ததில்லை. இவருக்குக்கூட இது அரைகுறையாகத்தான் தெரியும்.

ஒரு காக்கை வந்து இரண்டு வத்தலைக் கொத்திக்கொண்டு போனது. இரண்டு பேருமே விரட்டவில்லை. பிறகு அவளும் சொன்னாள், இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றை.

அவளுடைய கடைசித் தம்பி பிறந்த பிறகு அவள் அம்மாவுக்குப் புத்தி தடுமாறிப்போனதாம். இரண்டு வருஷம். பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாதாம். இவள்தான் மூத்தவள், ஒன்பது வயசு. தினமும் அம்மாவுக்குத் தலை சீவிவிடுவாளாம்.

"'யாரு பெத்த பிள்ளையோ, நோகாமச் சீவுது'ன்னு சொல்லுவா எங்கம்மை. நாந்தான்ம்மா, செண்பகம்னு சொல்லுவேன். சிரிப்பா. ஒரு நாளு என் கையில இருந்து சீப்பைப் பிடுங்கி, என்னை முன்னால உக்கார வச்சுச் சடை பின்னிவிட்டா. 'செண்பகம், உனக்கு ஈரு பத்திப்போய்க் கிடக்கு, யாரும் பாக்கலியா'ன்னா. அன்னைக்கு அழுத மாதிரி நான் என்னைக்கும் அழுததில்லக்கா."

அந்த அம்மாள் பிறகு நன்றாக வாழ்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டுத்தான் போனாளாம்.

"மதிக்குக்கூடத் தெரியாதுக்கா. அவுககிட்டயும் நான் சொன்னதில்ல," என்றாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஓட்டை வாய் இல்லை. அவளுக்கும் அது தெரியும், இல்லாவிட்டால் சொல்லுவாளா.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி, அவியல், பருப்புப் பாயசம்.

செண்பகம் புதுச் செய்தியோடு வந்தாள். மதிக்கு இலஞ்சியில் ஒரு இடம். பையன் பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர். ஒன்பது பொருத்தம். போட்டோவும் பிடித்துவிட்டதாம். மதிக்கு இருபத்தொன்பது நடக்கிறது. அப்பா இல்லாத பெண், அம்மா ஜாக்கெட் தைத்துப் படிக்கவைத்தவள். வருகிற ஜாதகமெல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப்போகிறது.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே ஜாதகத்தைக் கையில எடுக்கமாட்டேன்க்கா," என்றாள். "அவளும் சொல்லிட்டா. 'இதோட விடுங்கம்மா, எத்தனை பேரு கையில நான் போட்டோவாப் போய் உக்காரணும்'னு கேக்கா."

அந்த இலஞ்சி ஜாதகம் மாசி மாதம் நமக்கு வந்ததுதான். தரகர் அபியின் ஜாதகத்தை வாங்கிப்போனார், அப்புறம் பதிலே இல்லை. அபிக்கு இருபத்தைந்துதான், அவசரம் ஒன்றுமில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. செண்பகத்திடம் சொல்லவில்லை, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு.

அவியலில் உப்பு கூடிப்போனது என்று இவர் இலையில் ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 19, சனி

தெருமுனைப் பால்காரர் வீட்டில் அவர் அம்மா தவறிவிட்டார். நானும் செண்பகமும் அபியைக் கூட்டிக்கொண்டு போனோம். கிளம்பும்போது அபி அங்கிருந்தவர்களைப் பார்த்து, "போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டாள். கையைக் கிள்ளினேன். சாவு வீட்டில் அப்படிச் சொல்லுவார்களா? வருவேன் என்றால் இன்னொரு சாவுக்கா வருவது? சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். எம்.எஸ்ஸி. படித்து என்ன பிரயோசனம்.

"சின்னப் பிள்ளைதானக்கா, விடுங்க," என்றாள் செண்பகம்.

ஏப்ரல் 23, புதன்

மிக்ஸி ரிப்பேர். துவையலை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு பெண்கள்.

"இந்தத் தெருவுல வீடு ஏதாவது வாடகைக்கு இருக்கா?" என்றாள் பெரியவள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பெண்ணைப் பற்றியோ பையனைப் பற்றியோ விசாரிக்க வருகிறவர்கள் அந்த வீட்டுக்கு நேரே போவதில்லை. பக்கத்து வீட்டில் ஏறி, வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்கிறவளுக்கும் தெரியும், பதில் சொல்கிறவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரியே காப்பி குடிப்பார்கள். வீடு தேடி அலைகிறவள் பட்டுச்சேலையிலா வருவாள்?

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அபி லீவில் இருந்தாள். நைட்டியோடு வந்து நிற்க வேண்டாம் என்று அந்த மாம்பழக் கலர் சுடிதாரைப் போட்டுக்கொண்டு காப்பி கொண்டுவரச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா.

"பக்கத்து வீட்டுல யாரு இருக்காவ? ஆளுக எப்படி?" என்று ஆரம்பித்தாள் பெரியவள். மதிக்குப் பார்த்த இலஞ்சிப் பையனின் அம்மாவேதான்.

நான் செண்பகத்தைத் தூக்கி வைத்துத்தான் பேசினேன். சாமி சாட்சி. சுத்தம், சிக்கனம், அதிர்ந்து பேசமாட்டாள் எல்லாம் சொன்னேன். "அவ பொறுமை யாருக்கும் வராது. அவ அம்மை புத்தி பேதலிச்சுக் கிடந்தப்ப ஒம்பது வயசுல தலை சீவிவிட்டுப் பாத்துக்கிட்டவல்லா. மகளும் அப்படியே ஆத்தாளை உரிச்சு வச்ச மாதிரி," என்றேன்.

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"பிள்ளையோட ஆச்சிக்கா? ரொம்ப நாளா?"

"ரெண்டே வருஷம். அப்புறம் நல்லாயிட்டாவ."

நல்லாகிவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். பாதியைச் சொல்லி பாதியை மறைக்கிற புத்தி எனக்குக் கிடையாது. பொறுமைசாலி என்று வெறுமனே சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு உதாரணம் வேண்டாமா?

"நீங்க வெளிப்படையாப் பேசுதீய. இந்தக் காலத்துல யாரு இப்படிச் சொல்லுதா," என்றாள் இலஞ்சிக்காரி. பிறகு டம்ளரை வாங்க வந்த அபியைப் பார்த்து, "உங்க மகளா?" என்றாள்.

சாயங்காலம் புறவாசல் சுவரோரம் செண்பகத்தைக் கூப்பிட்டு, வந்தார்கள் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி அவள் விரல் நுனியெல்லாம் காய்த்துக் கிடக்கிறது.

"என்ன சொன்னீயக்கா?"

"நல்லதைத் தவிர உன்னைப் பத்தி என்னட்டி சொல்ல இருக்கு?"

"வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய், மறுபடியும் திரும்பி வந்து ஒரு கிண்ணத்தில் இடிச்சபுளி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மே 2, வெள்ளி

இலஞ்சியிலிருந்து பதில் இல்லை. செண்பகம் மதிக்குத் தேன்கலர் பட்டில் ஜாக்கெட் தைத்து முடித்துவிட்டாள், பெண் பார்க்க வரும்போது போட. கையில் சின்னதாக மாங்காய் வேலை. கொக்கி மட்டும் பாக்கி. "வாரோம்னு சொல்லி விடட்டும், கடைசியில வச்சுக்கலாம்" என்கிறாள்.

மே 9, வெள்ளி

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தரகர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

செண்பகம் என் அடுக்களையில் வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். மதி அழவில்லையாம், ஜாக்கெட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாளாம்.

"நம்மகிட்ட என்னக்கா குறை? சொல்லிட்டாத் தேவல. சொல்லாமப் போறாவளே," என்றாள்.

"கண்ணு பட்டிருக்கும்ட்டி," என்றேன். முகம் கழுவச் சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நானும் கொஞ்சம் அழுதேன்.

அவள் போன பிறகு இவர் பேப்பருக்குள்ளிருந்து கேட்டார். "அன்னைக்கு வந்தவங்ககிட்ட நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதுன்னா எது?"

அரிசி களைய வேண்டியிருந்தது. உள்ளே போய்விட்டேன். இந்த மனுஷனுக்கு ஊரில் எது நடந்தாலும் என் மேல்தான் சந்தேகம்.

மே 21, புதன்

தரகர் வந்தார். இலஞ்சிக்காரர்களுக்கு அபியைப் பிடித்திருக்கிறதாம். மாசியில் பார்த்த ஜோசியர் தப்பாகக் கணித்துவிட்டாராம். இப்போது வேறொருவரிடம் பார்த்ததில் எட்டுப் பொருத்தம் வருகிறதாம். வெயில் காலத்தில் ஜோசியர்களுக்கும் கண் தெளிகிறது போலிருக்கிறது.

"அந்தம்மாவுக்கு உங்களை ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஒளிவு மறைவு இல்லாத குடும்பம்னு சொல்லுதாவ," என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருக்காதா? மதிக்கு வராதது அபிக்கு வருகிறதென்றால் அது என் குற்றமா? யாருக்கு எழுதியிருக்கிறதோ அவர்களுக்கு.

அபி மட்டும், "மதியக்காவுக்குப் பாத்த மாப்பிள்ளையாம்மா?" என்று கேட்டாள். "பாக்கவே இல்லையே, போட்டோ மட்டும்தான்" என்றேன்.

மே 26, திங்கள்

செண்பகத்திடம் எப்படிச் சொல்வது என்று நாலைந்து நாளாகத் தள்ளிப்போட்டேன். வேறு யாராவது சொல்லிவிட்டால் அசிங்கம். இன்று போனேன். மிஷினில் இருந்தாள். சொன்னேன். மிதிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கை முழுக்கத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்ல இடம்க்கா. அபி கொடுத்து வச்சவ. யாருக்கோ போறதுக்கு நம்ம பிள்ளைக்கு வந்துச்சே," என்றாள்.

பெரிய மனசு. நிச்சயத்துக்கு அபியின் ஜாக்கெட்டைத் தானே தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

இனி அவர்கள் அபியைப் பற்றி விசாரிக்க வருவார்கள். எங்கே போவார்கள்? செண்பகம் வீட்டுக்குத்தான்.

புளிக்குழம்பு கொடுக்கப் போகிற சாக்கில் போய்ச் சொல்லிவைத்தேன். "வீடு கேட்டு யாராவது வந்தா, பாத்துப் பேசுட்டி. அம்பாசமுத்திரத்துக் கதையெல்லாம் வேண்டாம். ஒண்ணு கிடக்க ஒண்ணு நினைச்சுருவாக."

செண்பகம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதை நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்? நீங்க என்னை நம்பிச் சொன்னது."

ஒருத்தி மகளின் வாழ்க்கை இன்னொருத்தி நாக்கில் கிடக்கிறது. என்ன வழக்கமோ இது.

ஜூன் 8, ஞாயிறு

வந்தார்கள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். உள்ளே போய் வெகு நேரம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வெளியே வந்தபோது இலஞ்சிக்காரியின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஓடினேன். செண்பகம் மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். கொடுத்த காப்பி மூன்று டம்ளரிலும் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"என்னட்டி கேட்டாவ?"

"கேக்கதை எல்லாம் கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"நல்லதைத்தான்க்கா சொன்னேன்."

கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு சூடாக இருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். வெயில் என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

சம்பந்தியம்மா போனில் பேசினார். அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி நிச்சயதாம்பூலம். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள். நல்ல மாதிரியாகப் பேசுகிறார். முதலில் பார்த்தபோது கொஞ்சம் பகட்டு என்று நினைத்தேன், அப்படியில்லை.

செண்பகம் வந்தாள், மாடியில் உட்கார்ந்தோம். எலுமிச்சை ஊறுகாய் குலுக்கிவிட்டேன். தக்காளி விலை சொன்னாள். மதிக்கு ஆபீஸில் வேலை கூடுதல் என்றாள். குழாயில் கலங்கலாக வருகிறது என்றாள். கதை ஏதாவது சொல்லுட்டி, உன் முறைதானே என்றேன்.

"இருந்ததையெல்லாம்தான் சொல்லிட்டனேக்கா," என்றாள்.

கொஞ்ச நாளாகவே அப்படித்தான். செய்தி சொல்கிறாள், கதை சொல்வதில்லை. நானே ஒன்று சொன்னேன், அத்தை கல்யாணத்தில் தவில்காரர் மயங்கி விழுந்த கதை. இரண்டு தடவை கேட்டவள் போலத் தலையாட்டினாள். மதி விஷயம் மனசை அறுக்கிறது போல. பாவம். பொறாமை என்று சொல்லமாட்டேன், அவளுக்கு அது கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் ஆனித் தேர். வருஷம் தவறாமல் இரண்டு பேரும் சேர்ந்துதான் வடம் தொட்டுக் கும்பிடுவோம். காலையில் கூப்பிட்டபோது தலைவலி என்றாள். நானும் அபியும் போனோம். கூட்டத்தில் வாகையடி முக்குப் பக்கம் மதியையும் அவளையும் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள் என்றுதான் தோன்றுகிறது. பிறகு தேர் நகர்ந்துவிட்டது.

தலைவலி விட்டிருக்கும். வந்திருப்பாள்.

ஜூலை 13, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அறுபது பேர் சாப்பிட்டார்கள். சொதி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அபிக்கு ஜாக்கெட் பிடித்து வைத்தாற்போல இருந்தது. செண்பகம் ராவும் பகலும் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். மதி வரவில்லை, வேலை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் படுத்தால் தூக்கம் வரப்போவதில்லை.

பந்தியில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். செண்பகம் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தாள். அவள் எங்களைத் தாண்டி இரண்டு இலை போயிருப்பாள். சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்தார். சாய்ந்ததாகத்தான் பேர்; அவருக்குத் தணிந்த குரலே கிடையாது.

"உங்களுக்கு வாச்ச சிநேகிதி யாருக்கும் வாய்க்காது," என்றார். "அன்னைக்கு நாங்க போயிருந்தப்ப முதல்ல நானே கேட்டுப்புட்டேன். 'உங்கம்மைக்கு வந்த நோவு உங்களுக்கோ மகளுக்கோ வந்தது உண்டுமா, பக்கத்து வீட்டம்மா சொன்னாவளே'ன்னு. கேட்டிருக்கப்படாதுதான். மனசுல கிடந்துச்சு, கேட்டுட்டேன். ஊசியைக் கையில பிடிச்சவாக்குல அப்படியே இருந்தாவ. இல்லம்மான்னு சொன்னாவ. பெறகு உங்க வீட்டைப் பத்திக் கேட்டேன். வேற ஒருத்தியா இருந்தா அந்த ஆத்திரத்துல என்னவெல்லாம் சொல்லியிருப்பா? ஒரு குறை சொல்லலியே. உங்க அப்பாவைப் பத்தி அப்படிப் பேசினாவ. தங்கமான மனுஷராம். வியாழக்கிழமை தவறாம அம்பாசமுத்திரம் போயி வயலைப் பாத்துட்டு வருவாராம், அவ்வளவு உழைப்பாளியாம்."

தலையைத் தூக்கினேன். செண்பகம் இரண்டு இலை தள்ளிக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. "பாயசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா, மாமா?" என்று அந்த இலைக்காரரிடம் கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

ஜூன் எட்டாம் தேதியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் அப்பாவுக்கு வயல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் அபிக்கு ஜாக்கெட் தைத்தாள், தக்காளி விலை சொன்னாள், நான் கட்டிப்பிடித்தபோது நின்றாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏன் சொன்னாய் என்று என் முடியைப் பிடித்துக் கேட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல விடவில்லை அவள். கேட்கக்கூட லாயக்கில்லாதவள் என்று என்னை ஒதுக்கிவிட்டாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

எல்லோரும் கிளம்பினார்கள். கடைசிப் பாத்திரம் வரைக்கும் எடுத்துவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தாம்பூலப் பையை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அபியின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரு மக்கா," என்றாள். செருப்பைப் போட்டாள். படி இறங்கினாள்.

"ஏட்டி, சொல்லிட்டுப் போ," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

சாவு வீட்டில்தான் சொல்லாமல் போவார்கள். இது நிச்சயம் நடந்த வீடு. வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

பாத்திர வாடகைக் கடைக்கு ஆள் அனுப்பினேன். இரண்டு கரண்டி குறைகிறது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் படையல்.

பரணில் சாமான் எடுக்க ஏறினபோது வத்தல் டின்கள் கண்ணில் பட்டன. இரண்டு வீட்டுக்கும் பிரித்து வைத்ததில் செண்பகத்தின் டின் அங்கேயே இருக்கிறது. மூடியில் அவளே சுண்ணாம்பால் 'செ' போட்டிருக்கிறாள். வந்து கேட்கவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனால் ஏதாவது பேச வேண்டும்.

"போய்ப் பேசிட்டு வாயேன்," என்றார் இவர்.

"நான் என்ன தப்பு பண்ணினேன், போய்ப் பேச?"

இவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை. முன்பெல்லாம் கட்டிக்கொண்டு செண்பகத்தோடு ஆற்றுக்குப் போவோம். இந்த வருஷம் வீட்டிலேயே சாப்பிட்டோம்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக் குரல். ஒரு அம்மாள், கூட இளவயசுப் பெண் ஒருத்தி.

"பக்கத்து வீடு வாடகைக்குன்னு சொன்னாவ. அதான் உங்ககிட்ட விசாரிச்சுட்டுப் போகலாம்னு," என்றாள் அம்மாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மதிக்கு இடம் வந்திருக்கிறது. செண்பகம் மறுபடியும் ஜாதகத்தைக் கையில் எடுத்திருக்கிறாள். அந்தக் கணம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுதுவது. அபிக்கு நிச்சயமானபோதுகூட அப்படி இல்லை. உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டேன். காப்பி போட்டேன். நாற்காலி போட்டுப் பரணில் ஏறி அவள் டின்னையே இறக்கி, ஒரு கை வத்தல் பொரித்து வைத்தேன்.

"இது அவ கைப்பக்குவம். சாப்பிட்டுப் பாருங்க," என்றேன். "இந்தத் தெருவுல அவ மாதிரி ஒருத்தி கிடையாது. மகளும் அப்படித்தான். படிப்பு, குணம், வேலை, ஒண்ணுல குறை சொல்ல முடியாது. அவுக வம்சத்துல யாருக்கும் ஒரு நோய் நொடி கிடையாது. அவ அம்மை கடைசி வரைக்கும் கண்ணும் கருத்துமா இருந்தவுக. நான் அடிச்சுச் சொல்லுதேன். நல்ல குடும்பம், விட்டுராதீய."

வந்த அம்மாள் வத்தலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"அப்படிப்பட்டவுக எதுக்குக்கா வீட்டைக் காலி பண்ணுதாவ?"

"யாரு காலி பண்ணுதா?"

"அவுகதான். ஆவணி பொறந்ததும் மதுரைக்குப் போறாவளாமே. அந்தப் பொண்ணு மாத்தல் கேட்டு வாங்கிட்டாளாம். உங்ககிட்ட சொல்லலியா? நாங்க நிசமாத்தான் வீடு பாக்க வந்தோம்க்கா. இவளுக்கும் மருமகனுக்கும். இப்பத்தான் உள்ள போய்ப் பாத்துட்டு வாரோம். பாதிச் சாமான் கட்டி வச்சிருக்காவ."

அந்தப் பெண் மட்டும் வத்தலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கம்பக்கம் எப்படின்னு அவுககிட்டயே கேட்டோம்," என்றாள் அம்மாள். "'பக்கத்து வீட்டுல போய்க் கேளுங்க. அவுக உள்ளதைச் சொல்லுவாக'ன்னு அனுப்பினாவ."

காப்பியைக் குடித்து முடித்தார்கள். வீட்டில் தண்ணீர் எப்படி, தினமும் வருமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் என்று சொன்னேன்.